பின்பக்கத்துச் சுவிட்ச்

ஆயுதபூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர், மறுநாள் காலையில் என்ன செய்தும் ஆன் ஆகவில்லை. நெற்றியில் குங்குமத்தோடு மானிட்டர் இருண்டுபோய் நின்றது.

மெக்கானிக் வந்தார். பிளக்கைப் பார்த்தார், வயரை மாற்றினார். கடைசியில் சி.பி.யு. பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு 'டிக்'கென்று எதையோ அழுத்தினார். மானிட்டருக்கு வெளிச்சம் வந்துவிட்டது!

"யாருப்பா பின்னால?" என்று கேட்டது மானிட்டர்.

"நான்தாண்ணே, சுவிட்ச்."

"அடேயப்பா! எங்க எல்லார் உயிரும் உன் கையிலயா இருக்கு? பொட்டு வைக்கலைன்னு கோவமா?"

"கோவமெல்லாம் இல்லண்ணே. எட்டு வருஷமா என்னை யாரும் தொட்டதே இல்ல. நேத்து துடைக்கிற துணி பட்டு அமுங்கிட்டேனா, எனக்கும் இன்னிக்கு லீவு போலன்னு நினைச்சுக் கண்ணை மூடிட்டேன்."

நெற்றிப் பொட்டு மானிட்டருக்கு முதல்முறையாகக் கனத்தது.