கோழி நடை

"பச்சப் பிள்ளையை இந்தப் பனியில இழுத்துட்டு வந்திருக்கியே தம்பி, உனக்குப் புத்தி இருக்கா?"

பென் கரோச் மலையடிவாரம். பக்கத்து வேனுக்குள் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த அம்மாள்தான் இப்படிக் கேட்டாள். அறுபது வயதிருக்கும். தலையில் கம்பளிக் குல்லாய், மூக்கு நுனி வரை மஃப்ளர்.

ஸ்ட்ருவானுக்குக் காது சிவந்துவிட்டது. பெண்டாட்டி மோர்வென் எதிரில், எட்டு வயது மகள் எல்ஸ்பெத் எதிரில், முன்பின் தெரியாத ஒருத்தி கேட்கிற கேள்வியா இது?

"இது எனக்கு நாப்பத்து மூணாவது மலை. யாரும் பாடம் எடுக்க வேணாம்."

"உனக்கு நாப்பத்து மூணு. அந்தக் காலுக்கு?" அம்மாள் எல்ஸ்பெத்தின் குட்டி பூட்ஸைப் பார்த்தாள்.

"போன குளிருக்குப் பாதியிலயே திரும்பிட்டோம். ஸ்கூல்ல எல்லாரும் சிரிச்சாங்க," என்று எல்ஸ்பெத் போட்டு உடைத்தாள். "இந்தத் தடவை உச்சியில என் கல்லை வெச்சே தீருவேன்." கையுறைக்குள்ளிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் காட்டினாள். வீட்டு வாசலில் பொறுக்கியது.

அம்மாள் அந்தக் கல்லையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "மேல முழங்கால் வரைக்கும் பனி கிடக்கு. நாலு மணிக்கு இருட்டிடும். நான் ரெண்டு சிகரமும் முடிக்கணும், முன்னாடி போறேன்."

"ரொம்ப சந்தோஷம்," என்று ஸ்ட்ருவான் வெடுக்கென்று திரும்பிக் காரின் டிக்கியைக் குடைந்தான். நிமிர்ந்தபோது அம்மாள் மூடுபனிக்குள் போய்விட்டிருந்தாள்.

கல் பாதை முடிந்து பனிச் சரிவு தொடங்கியது. முன்னால் போனவள் பூட்ஸ் முனையால் உதைத்து உதைத்துப் போட்ட படிகள் மேலே மேலே போயின. படிக்குப் படி ஒரு சாண்தான் இருக்கும்.

"பாத்தியா வேன்காரம்மா லட்சணத்தை!" ஸ்ட்ருவான் கடகடவென்று சிரித்தான். "கோழி நடை! இது ரெண்டு சிகரம் ஏறப் போகுதாம். எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா."

"மெல்லப் பேசு. மேலதான் இருக்காங்க, கேட்டுடப் போகுது."

"கேக்கட்டுமே."

அந்தப் படிகளில் கால் வைக்கவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ஒன்றைத் தாண்டி ஒன்றில் கால் வைத்து ஏறினான். எல்ஸ்பெத் மட்டும் ஒரு படி விடவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினாள்.

"கால் வலிக்குதா குட்டி?" என்று மோர்வென் நாலு தடவை கேட்டாள்.

"இல்லம்மா. இந்தப் படி நல்லா இருக்கு."

"கோழிக்குஞ்சுக்குக் கோழி நடை நல்லாத்தான் இருக்கும்," என்றான் ஸ்ட்ருவான்.

ஒரு மணிக்கு உச்சிக்கு வந்துவிட்டார்கள். எல்ஸ்பெத் ஓடிப் போய், ஏறி வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைத்துச் சேர்ந்த உச்சிக் கற்குவியலின் மேல் தன் கூழாங்கல்லை வைத்தாள். குவியலுக்குப் பின்னால், காற்றுக்கு ஒதுங்கி, அம்மாள் குந்தியிருந்தாள். பூட்ஸ் முனையைப் பிடித்து அழுத்திவிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் வேதனை தெரிந்தது.

"வெச்சுட்டியா கல்லை?" என்று எல்ஸ்பெத்திடம் கேட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

ஸ்ட்ருவானால் சும்மா இருக்க முடியவில்லை. "ரெண்டாவது சிகரம் என்னாச்சு?"

"நேரம் போயிடுச்சு தம்பி. இன்னிக்கு அவ்வளவுதான். கீழ இறங்க வேண்டியதுதான்."

"அந்த நடைக்கு நேரம் போகாதா பின்னே?"

மோர்வென் அவன் கையை நறுக்கென்று கிள்ளினாள். அம்மாள் கோபப்படவில்லை. "வாஸ்தவம்தான்," என்று ஃபிளாஸ்க்கை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

எழுந்தாள், எழுந்துகொண்டே இருந்தாள். ஸ்ட்ருவானைவிட ஒரு தலை உயரம்.

"வரேன் கண்ணு," என்று எல்ஸ்பெத்தின் கன்னத்தைத் தட்டிவிட்டு, ஏறி வந்த படிகளுக்குப் பக்கத்துச் சரிவில் விறுவிறுவென்று இறங்கினாள். யாரும் மிதிக்காத பனியில் அவள் தடங்கள் ஒன்றுக்கொன்று ஒரு கஜ தூரத்தில் விழுந்தன.

எல்ஸ்பெத் விளையாட்டாக முதல் தடத்தில் நின்று அடுத்ததற்குத் தாவினாள். பாதி தூரம்கூடப் போகவில்லை. பொத்தென்று பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்ட்ருவானின் காது மறுபடி சிவந்தது. இந்தத் தடவை யாரும் அவனைத் திட்டவில்லை. ஓடிப் போய் அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கூப்பிட வாயெடுத்தான்.

"இது எட்டவே மாட்டேங்குதேப்பா," என்றாள் எல்ஸ்பெத், பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு. "ஏறும்போது மட்டும் எப்படிப்பா எட்டுச்சு?"