பழுதற்றவர் மட்டும்

"கால் விந்துதவன் பீடத்துப் பக்கமே வரப்படாது ஐயா. இத நான் சொல்லல. மோசே காலத்துலயே சொல்லியாச்சு."

சபைச் செயலர் பெஞ்சமின் தீர்மானத் தாளை மேசைமேல் விரித்தார். எதிரே உட்கார்ந்திருந்த குருவானவர் தேவஇரக்கம், ஆலங்குளத்திலிருந்து மாற்றலாகி தென்காசிக்கு வந்து ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அவர் பெட்டியைப் பிரிப்பதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று பெஞ்சமின் சாரலில் நனைந்துகொண்டே ஓடி வந்திருந்தார். விஷயம் அவ்வளவு அவசரம். கோயிலைப் பெருக்கி, மணியடித்து, திருவிருந்துப் பாத்திரம் துலக்குகிற கோயில்குட்டி வேலைக்கு ஜெனோ மனுப் போட்டிருந்தான். பெஞ்சமினின் மச்சினன் பென்னியும் போட்டிருந்தான்.

"ஜெனோவுக்குக் காலுல என்ன?" என்று கேட்டார் குருவானவர்.

"மணிக்கூண்டுல கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்ட ஏறினான். விழுந்துட்டான்."

"ஏறச் சொன்னது யாரு?"

"நான்தான் ஐயா. ஏறும்போது கால் நல்லாத்தான் இருந்துச்சு."

விழுந்து எழுந்த பிறகும் இரண்டு வருஷமாக ஜெனோதான் விந்தி விந்தி வந்து சும்மா மணியடித்துக் கொடுக்கிறான். அப்போதெல்லாம் பீடத்தின் பரிசுத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சம்பளத்துக்கு ஆள் வைப்பது என்று கமிட்டி முடிவு செய்த அன்றைக்குத்தான் பெஞ்சமினுக்கு அந்தக் கவலை வந்தது. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. முக்கியமான விஷயங்களை மட்டுமே பேசுகிற மனிதர் அவர்.

"மோசே காலத்துல கோயில் ஊழியம் பாத்த லேவியருக்கு என்னென்ன வேல அண்ணாச்சி?"

பெஞ்சமின் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வுநாள் பள்ளியில் மூன்று வருஷம் முதல் பரிசு வாங்கியவரிடம் கேட்கிற கேள்வியா இது?

"கோயிலா இருந்த கூடாரத்தப் பிரிக்கணும், சொமக்கணும், போற எடத்துல மறுபடி கட்டணும். பாத்திரம் பண்டமெல்லாம் காவல் காக்கணும். கர்த்தரோட உடன்படிக்கைப் பெட்டியத் தோளுலதான் தூக்கணும். கைபட்டா ஆள் காலி."

"சரியாச் சொன்னிய. ஆனா ஒடம்புல பழுது இருக்கான்னு பாத்தது அந்த லேவியனுக்கு இல்லயே. பலி செலுத்துத ஆசாரியனுக்குத்தான். சொமக்குதவனுக்கு வயசு மட்டும்தான் பாத்தாங்க."

மூன்று முதல் பரிசிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை. ஆனால் மச்சினனுக்காகச் சட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை.

"அப்ப ஆசாரியன், கோயில்குட்டி ரெண்டு பேருக்கும் சேத்தே எழுதிருவோம் ஐயா. ஆசாரியனுக்கே அந்தச் சட்டம்னா, கூட்டிப் பெருக்குதவனுக்கு இல்லாமப் போவுமா?"

"ஆசாரியனுக்குமா? நல்லா யோசிச்சுக்கிடுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? பரிசுத்தத்துல ஆள் பாக்கப்படாது ஐயா."

"அப்ப எழுதுங்க."

பெஞ்சமின் தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'ஆராதனை நடத்தும் குருவானவர் முதல் கோயில்குட்டி வரை, காலில் பழுதுள்ள எவரும் இனிப் பீடத்தில் ஏறலாகாது.' கீழே கையெழுத்துப் போட்டார். சட்டைப்பையில் தயாராக வைத்திருந்த சபை முத்திரையை எடுத்துக் குத்தினார். வந்த அன்றைக்கே இப்படி வளைந்து கொடுக்கிற குருவானவரைத் தந்ததற்காக மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரமும் சொன்னார்.

"வார ஞாயித்துக்கெழம திருவிருந்து யாரு குடுக்கது?" என்று கேட்டார் குருவானவர்.

"என்னய்யா இப்படிக் கேக்கிய? நீங்கதான்."

குற்றாலத்துப் பக்கமிருந்து வந்த காற்று ஜன்னலைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தது. தாள் மேசைமேல் படபடத்தது.

"பறந்துறப் போவுது," என்ற குருவானவர், குனிந்து வேட்டியை விலக்கி, இடது முழங்காலுக்குக் கீழே மாட்டியிருந்த செயற்கைக் காலைக் கழற்றி, தீர்மானத்தின்மேல் பாரமாக வைத்தார்.