தங்கராஜ் போட்ட பூட்டு

பைக்குக்குப் போடுகிற சங்கிலியைக் கொண்டுவந்து கம்பெனி கேட்டில் சுற்றிப் பூட்டினான் தங்கராஜ். பிரேக் பார்ட்ஸ் ஏற்றிய லாரி உள்ளேயே மாட்டிக்கொண்டது.

மண்ணூர்பேட்டைப் பக்கம் சின்னக் கம்பெனிதான். ஆனால் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு லாரி போயாக வேண்டும். கார் கம்பெனிக்காரன் ஒரு பெட்டிகூட ஸ்டாக் வைக்க மாட்டான். இங்கே லாரி நின்றால் அங்கே கார் செய்கிற லைனே நின்றுவிடும். வேலை செய்கிற நாற்பது பேருக்கும் இது மனப்பாடம்.

"தங்கராஜு, என் பொழப்புல மண்ணைப் போடாதப்பா. கேட்டைத் தொற." மேனேஜர் பார்த்தசாரதிக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஷோபனாவ மறுபடி வேலைக்கு எடு சார், அப்பால தொறக்கறேன்."

ஷோபனா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். மெஷினை விட்டு அஞ்சு நிமிஷம் பாத்ரூம் போனதற்கு வேலை போச்சு. அதுவும் ஆறு மாசப் பிள்ளைத்தாச்சிக்கு! நாலு நாளாக எல்லாரும் கெஞ்சிப் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

கூட வேலை செய்கிற பேபி மட்டும் தங்கராஜின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்ண்ணே. நெமிலிச்சேரியாண்ட கிரவுண்டு பூரா அந்த கம்பெனி புது காரு விக்காம நின்னுகினு கீது. ஒரு மாசமா நகரல, தூசி படிஞ்சு கெடக்குது."

"அங்க காரு நின்னா நமக்கு இன்னா? இங்க லாரி நின்னாதான் இவங்களுக்கு வலிக்கும். நீ கம்முனு இரு."

பார்த்தசாரதி இறங்கி வந்தார். "சரிப்பா, மேல பேசறேன். வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. வேலைய நிறுத்தினது நாங்கதான்னு எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

நாற்பது பேரும் போட்டார்கள். பேபியும் போட்டாள். ஷோபனா கம்பி வழியாகத் தங்கராஜின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

பேப்பரை எடுத்துக்கொண்டு மேனேஜர் தன் ரூமுக்கு ஓடினார். தங்கராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றான்.

உள்ளே அவர் போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஆர்டர் இல்லன்னு நாளைக்கு நாம போட வேண்டிய பூட்ட, இன்னைக்கே அவங்க போட்டுட்டாங்க! கையெழுத்தும் குடுத்துட்டாங்க, இனி நாம ஒரு பைசா சம்பளம் குடுக்க வேணாம்!"