பதினேழாம் மூட்டு மண்

"மாமி, யாரோ மறுபடியும் மண்ணத் தோண்டியிருக்காங்க."

பதினேழாம் வாழையின் மூட்டில் குத்தவைத்திருந்த ஃபாஸிலா குழியை விரலால் அளந்தாள்.

வாழைத் தோட்டமாகிய அந்த விளைக்குச் சொந்தக்காரரான லீலாபாய் எட்டிப் பார்த்தார். "கீரியா இருக்கும் மக்களே."

எந்த ஊர்க் கீரி இவ்வளவு வட்டமாகத் தோண்டும்?

புதுக்கடைப் பக்கம் ஏத்தன் வாழையெல்லாம் வாடல் நோயில் சாய்ந்துகொண்டிருக்க, லீலாபாயின் விளையில் மட்டும் ஒரு மூடு வாழைகூடச் சாயவில்லை. வேரைச் சுற்றிக் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் காவல் என்பது ஆராய்ச்சி மாணவியான ஃபாஸிலாவின் கட்சி. மூன்று வருடமாக அதற்காகத்தான் தேங்காப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வருகிறாள். அந்தக் கூட்டம் அதிகம் இருப்பது பதினேழாம் மூட்டில். குலை வெட்டும் நாளில் கடைசியாக அங்கே மண் எடுத்துப் பார்த்துவிட்டால் முனைவர் பட்டம்.

அதுவரை ஒரு பிடி மண்ணும் வெளியே போகக் கூடாது என்று லீலாபாய் கையெழுத்தே போட்டிருக்கிறார். ஆனால் சில மாதமாகத் அவள் வரும் திங்கட்கிழமைதோறும் ஒரு புதுக் குழி. இப்படியே போனால் குலை முற்றுவதற்குள் பட்டத்தையும் சேர்த்துத் தோண்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஃபாஸிலாவின் பார்வை வேலிக்கு அப்பால் போனது. அது முகம்மது ஹனீபாவின் விளை. போன வருடம் அவருடைய வாழை மொத்தமும் வாடி விழுந்தது. இந்த வருடம் வைத்த கன்றுகளில் வேலியோரத்து இரண்டு வரிசை மட்டும் கரும்பச்சையாக நின்றது. மூன்றாம் வரிசையிலிருந்து மஞ்சள்.

"மாமி, பக்கத்து விளைக்காரரு..."

"அந்தாளப் பத்திப் பேசாத. அவருக்க தென்ன எனக்க விளையில சாஞ்சு நிக்கி. விழுத தேங்கா யாருக்குன்னு எட்டு வருசமா சண்டை. வெள்ளிக்கிழமை தொழுதுட்டு நேரா வீட்டுக்கு வாற ஆளா அது? ஒரு மணிக்கூறு சாயாக் கடையில இருந்து ஊர்க்கதை. பின்ன வாழை எப்பிடி நிக்கும்?"

"அப்போ மண்ணும் அவருதான்..."

"அது கீரி," என்றார் லீலாபாய்.

மழை பெய்யாததற்குக்கூட ஹனீபாவைத் திட்டுகிறவர், இதற்கு மட்டும் கீரியைத் திட்டினார். இருந்த கோபத்தில் அது ஃபாஸிலாவுக்கு உறைக்கவில்லை.

போகும்போது ஹனீபாவின் வேலியோரத்தில் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டாள். கேட்காமல்தான். திருடனிடம் என்ன கேட்பது?

ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்ததில் சந்தேகம் தீர்ந்தது. அடுத்த முறை வந்தவள், ஹனீபாவை வேலிப் பக்கம் கூப்பிட்டாள். லீலாபாயும் வந்து நின்றார்.

"மாமா, பதினேழாம் மூட்டு மண்ணில உள்ள நுண்ணுயிரு அத்தனையும் உங்க வேலியோர மண்ணிலயும் இருக்கு. யாரு எடுத்தான்னு தெரியணும். இல்லன்னா மாமி சொன்ன சொல்ல மீறிட்டாங்கன்னு ஆயிரும்."

ஹனீபா லீலாபாயை ஒருதரம் பார்த்தார். "ஆமா மோளே. நாந்தான் எடுத்தேன்."

இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வார் என்று ஃபாஸிலா நினைக்கவில்லை. "எதுல தோண்டினீங்க?"

"மம்பெட்டியில."

குழிகள் எல்லாம் உள்ளங்கை அகலம்தான். மண்வெட்டியை எப்படிப் போட்டாலும் அந்த வட்டம் வராது.

"தேங்காச் சிரட்டையிலயாக்கும் தோண்டுனது," என்றார் லீலாபாய். குரல் இறங்கியிருந்தது. "காக்கா, நீங்க எதுக்குப் பொய் சொல்லுதிய?"

எட்டு வருடம் கழித்து 'அந்தாளு' அண்ணன் முறையில் 'காக்கா' ஆனார்.

"மாமி, நீங்களா?"

"போன வருசம் அவருக்க வாழ அவ்வளவும் விழுந்துது. வேலிக்கு இந்தப் பக்கம் எனக்க குலை தொங்குது. சோறு எறங்குமா மக்களே? இந்த மண்ணுலதான் காவலுன்னு நீதானே சொன்ன. வெள்ளிக்கிழம அவரு பள்ளிக்குத் தொழப் போற நேரம் பாத்து, வேலி சாடிக் குதிச்சு, கன்னு மூட்டுல கொஞ்சங் கொஞ்சமாப் போட்டேன்."

"நேரா குடுத்திருக்கலாமே?"

"பேச்சுவார்த்த இல்லாத ஆளுக்கு எப்பிடிக் குடுக்க?"

"மூணாம் வரிசைக்கு ஏன் போடல?"

"அம்புட்டு தூரம் போக பயம். அதுக்குள்ள அவரு வந்துட்டா?"

ஃபாஸிலா திரும்பிப் பார்த்தாள். மண் போட்ட இரண்டு வரிசை பச்சை. போடாத வரிசை மஞ்சள். இந்த மண் அடுத்தவர் விளையிலும் வேலை செய்யுமா என்பது அவள் அடுத்ததாகச் செய்ய நினைத்திருந்த சோதனை. அதை ஒரு சிரட்டையை வைத்து லீலாபாய் முடித்து வைத்திருக்கிறார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஆராய்ச்சிய நிறுத்திருவியா மக்களே?"

"நிறுத்துறதா? உள்ளதை உள்ளபடி எழுதப் போறேன். மாமா, இந்த நுண்ணுயிர நானே ஆய்வகத்தில பெருக்கி உங்க மூணாம் வரிசைக்கும் கொண்டு வாறேன்." அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆனா, இவங்கதான்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஹனீபா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"ஒரு வெள்ளிக்கிழமை தொழுதுட்டு நேரா வீட்டுக்கு வந்தேன் மோளே. இவிய வேலிமேல ஒரு காலும் தரையில ஒரு காலுமா நிக்காவ. அப்பிடியே திரும்பிட்டேன். அன்னையிலயிருந்து ஒரு மணிக்கூறு சாயாக் கடையில இருந்துட்டுத்தான் வாறது. முட்டுவலி உள்ளவிய, அவசரத்துல சாடி விழுந்திரப்பிடாதுல்லா?"