முப்பத்தொன்றாவது கேள்வி

முப்பத்தொன்றாவது கேள்வியில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது.

மருந்துக்கடை உதவியாளர் தேர்வு. தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள் எல்லாரும் அந்த ஒரு கேள்வியில் கோட்டை விட்டிருந்தார்கள். தட்டுத்தடுமாறி நாற்பதைத் தொட்டவர்களோ, சொல்லிவைத்த மாதிரி சரியாகப் போட்டிருந்தார்கள்.

இப்படித் தலைகீழாக வந்தால் இரண்டே காரணம். கேள்வி கோணல், அல்லது விடை வெளியே போயிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் கோணல் கேள்வி தப்பாது. ஒவ்வொரு கேள்வியையும் திருத்தி அனுப்ப நான் இருக்கிறேன்.

எழுதியவர் யார் என்று பார்த்தேன். எங்கள் கேள்வித்தாள் குழுவில் இருக்கும் வாத்தியார் ஒருவர். அவருடைய மச்சான் டியூஷன் சென்டர் நடத்துகிறார் என்று தெரிந்ததும் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கேள்வித்தாள் குழுவிலிருந்து அவரை நீக்கும் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு, வரச் சொன்னேன்.

மனுஷர் பதறவே இல்லை. சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். என்ன அழுத்தம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அச்சான தாளை என் பக்கம் திருப்பி, அந்தக் கேள்வியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். ‘பொடி மருந்தை நிறுத்திக் கொடுக்க வேண்டும். முதலில் என்ன செய்வீர்கள்?’

நிறுத்தவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும் என்றால், ஊன்றிப் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? ‘டாக்டரைக் கேட்பேன்’ என்றுதான் போடும். மேலோட்டமாகப் படித்தவன், பொடி என்றதும் ‘தராசைச் சரிபார்ப்பேன்’ என்று போட்டுவிட்டுப் போவான். எங்கள் விடைக்குறிப்பில் இருந்தது தராசு.

அலமாரியிலிருந்து அவர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்தேன். ‘நிறுத்துக் கொடுக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார். எடை போட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்த ‘து’வைச் சிவப்பு மையில் அடித்து, மேலே ‘தி’ போட்டிருந்தது. ஓரத்தில், ‘எழுத்துப்பிழை! தமிழ் தெரிந்தவர்கள் எழுதினால் நல்லது’ என்று ஒரு குத்தல் வேறு.

எழுதுகிறவருக்குத் திருத்துகிறவர் யார் என்று சொல்வதில்லை. அது எங்கள் விதி. என் கையெழுத்தை வாத்தியார் இதுவரை பார்த்ததுமில்லை.

மேசையிலிருந்த என் சிவப்புப் பேனாவை மெல்ல இழுப்பறைக்குள் தள்ளினேன்.

“யார் மேடம் இந்தப் புண்ணியவான்?” என்றார்.

“அதைத்தான் சார் விசாரிக்கணும்” என்றேன்.