கீரியின் டிக்கெட்

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் ஒட்டகச்சிவிங்கிதான் நட்சத்திரம். ஆனால் அதற்குக் குனிய வராது. பந்து தரையில் விழுந்தால் கீரி ஓடிப்போய் எடுத்து மேலே எறியும். ஒட்டகச்சிவிங்கி வாயால் கவ்விக் கூடைக்குள் போடும். எல்லோரும் அண்ணாந்து கூடையையே பார்த்ததால் கீரி யார் கண்ணிலும் படவில்லை.

பிளஸ் டூ முடிவதற்குள் ஏழெட்டுக் கல்லூரிகள் ஒட்டகச்சிவிங்கியைத் தேடி வந்துவிட்டன. அதில் பெரிய கல்லூரியின் கோச் ஒரு கரடி. அது அளவு நாடாவால் கழுத்தை இரண்டு தடவை அளந்து பார்த்தது.

"ஃபீஸே கிடையாது தம்பி. ஹாஸ்டல் கூரையை உடைச்சு உசத்தித் தர்றோம். தினமும் வேலந்தழை உண்டு."

"கீரியையும் சேர்த்துக்குவீங்களா சார்?" என்று கேட்டது ஒட்டகச்சிவிங்கி.

கீரி பின்னங்காலில் நிமிர்ந்து நின்றது. அதை அளக்கக் கரடி நாடாவைப் பிரிக்கவே இல்லை.

"தாராளமா வரட்டும். டிக்கெட் வாங்கிட்டு மேட்ச் பார்க்கலாம்."

கல்லூரியின் முதல் மேட்ச். பந்து ஒட்டகச்சிவிங்கியின் காலடியில் வந்து நின்றது. அது முன்னங்கால்களை அகட்டியது, இன்னும் அகட்டியது, அப்படியே மாட்டிக்கொண்டது. எதிரணி மரியாதைக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு போனது. இடைவேளை வரை இதுவே நடந்தது.

"டேய் கீரி, எடுத்துக் குடுடா!" என்று பழக்கதோஷத்தில் கத்தியது ஒட்டகச்சிவிங்கி.

கரடி கேலரி முழுக்கத் தேடி, கடைசி வரிசையில் கீரியைக் கண்டுபிடித்தது.

"தம்பி, கொஞ்சம் இறங்கி வாயேன்."

கீரி டிக்கெட்டைத் தூக்கிக் காட்டியது.

"இது பார்க்கிறதுக்கு மட்டும்தான் சார்."