குரல்வளை

முதல் பாட்டு முடிவதற்குள் முதல் பாட்டில் பறந்து வந்துவிட்டது. வில்லன் தலையைச் சாய்த்தார். பின்னால் ஸ்பீக்கரில் மோதிச் சிதறிய கண்ணாடியில் ஒரு துண்டு அவர் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

“மாமா, நிறுத்திடலாம்!” டிரம்ஸ் அடித்துக்கொண்டே கத்தினான் மைத்துனன். “முன் வரிசையில கறுப்புச் சட்டை போட்ட ஆளு, வந்ததுலேருந்து உங்க கழுத்தையே பாத்துட்டிருக்கான். எனக்குச் சரியாப் படல.”

“செயின் போட்டிருக்கேன்ல, அதப் பாக்குறான்டா. நீ அடி.”

இருபது வருடம் படங்களில் கதாநாயகர்களிடம் உதை வாங்கி, வில்லன் என்பதே அவர் பெயராகிப் போயிருந்தது. ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு ரெகே சோல் இசைக்குழுவுக்குப் பாடகராகியிருந்தார். கிதார் தாளத்தின் இடுக்குகளில் வெட்டி வெட்டி விழும், பேஸ் அடிவயிற்றில் இடிக்கும், அதற்கு மேல் இவர் உருகி உருகிப் பாட வேண்டும். இந்த ஞாயிறு மதியம்தான் முதல் கச்சேரி.

அவர் நன்றாகப் பாடியதுதான் வினையாகிப் போனது.

படங்களில் அவர் குரல் தார் ரோட்டில் தகர டிரம்மை உருட்டுவது போலிருக்கும். அதைக் கேட்கத்தான் கூட்டம் வந்திருந்தது. மேடையில் வந்ததோ ஊசிக்காதில் நூல் நுழைகிற மாதிரி மெல்லிய குரல்.

“டேய், இது அவன் குரலே இல்லடா! வாயசைக்கிறான்!”

“உள்ள எவனையோ பாட வெச்சுட்டு, இவரு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ஆடுறாரு!”

உண்மையில் இதுதான் அவருடைய குரல். படத்தில் கேட்டதுதான் இரவல். நடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார், பேச்சை வேறு யாரோ சேர்த்துவிடுவார்கள். டப்பிங் தியேட்டர் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. இதை இப்போது எடுத்துச் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

பாட்டிலுக்குப் பிறகு நாற்காலி பறந்தது. கிதார்காரர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆறு பேர் மேடையேறிப் பின்திரையைக் கிழித்து இழுத்தார்கள். ஒளிந்து பாடுகிறவன் கிடைக்கவில்லை. ஒரு துடைப்பமும் தண்ணீர் வாளியும்தான் இருந்தன. அதில் அவர்களுக்கு ஆத்திரம் இரட்டிப்பாயிற்று.

ஒருவன் ஓடிவந்து வில்லனின் விலாவில் உதைத்தான். திரையில் ஆயிரம் உதை வாங்கிய விலாவுக்கு இதுதான் முதல் உதை. எப்படி விழுவது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு வலிக்கும் என்று தெரியாது.

மைத்துனன் சிம்பல் ஸ்டாண்டைச் சுழற்றினான். யாரோ ஒருவனின் பல் தரையில் தெறித்தது. “மாமா, பின்பக்கமா ஓடுங்க! இவனுங்கள நான் பாத்துக்கறேன்!”

“இன்னிக்கு ஓடினா, இது என் குரல் இல்லைன்னே ஆயிடும்டா. அப்புறம் நான் குளிக்கும்போதுகூடப் பாட முடியாது.” எழுந்து நின்று, ரத்தத்தைத் துப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடினார்.

அப்போதுதான் கறுப்புச் சட்டைக்காரர் மேடையேறினார். ஒரு வார்த்தை பேசவில்லை. குறுக்கே வந்த மைத்துனன் முகத்தில் முழங்கையால் ஓர் இடி இடித்தார், அவன் டிரம்ஸோடு சரிந்தான். வலது கை நேராக வில்லனின் குரல்வளையைப் பிடித்தது. இடது கை மைக்கை அவர் உதட்டில் வைத்து அழுத்தியது.

“அப்படித்தான்! நெரிங்கண்ணே!” கூட்டம் கூவியது.

கறுப்புச் சட்டைக்காரர் முகவாயை மட்டும் அசைத்தார். பாடு.

வில்லன் பாடினார். கை இறுகியது. ஸ்பீக்கரில் பாட்டு பட்டென்று அறுந்தது. கை தளர்ந்ததும் அறுந்த சொல்லின் மிச்சம் வெளியே வந்தது. மறுபடி இறுகியது, மறுபடி அறுந்தது. மூன்றாவது முறை நெற்றி நரம்பு புடைத்து, கண் முன்னால் பூச்சி பறந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்தார்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. கொல்லுகிற கைக்கு எப்படித் தெரிகிறது? அவர் மூச்சு எடுக்க வேண்டிய இடம் எதுவோ, அங்கேதான் ஒவ்வொரு முறையும் அது தளர்ந்தது.

கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தொண்டையை அழுத்தினால் பாட்டு நிற்கிறது, விட்டால் வருகிறது. இதற்கு மேல் யாருக்கு என்ன சந்தேகம்? பல் போனவன்கூட வாயைப் பொத்திக்கொண்டு வில்லனின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன் மட்டும் விடவில்லை. “அப்போ படத்துல பேசினவன் எவன்டா?”

கறுப்புச் சட்டைக்காரர் கழுத்திலிருந்து கையை எடுத்தார். மைக்கைத் தன் வாயருகே கொண்டுபோனார்.

அவர் வாய் திறந்ததும் வில்லனுக்கே முதுகு சில்லிட்டது. இருபது வருடமாகத் திரையரங்குகளில் குழந்தைகள் அம்மா மடியில் முகம் புதைத்துக்கொண்டது இந்தக் குரலுக்குத்தான்.

“பேசினது நான்டா. பாடுறது அவரு.”